பழுது எந்த இடத்தில்?

1980-களின் கடைசியில் மெட்ராஸ் அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று சேர்த்தது ஒரு கருப்புக் கேபிள். சுவரோரமாக மேசைக்கு மேசை ஓடும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் டி வடிவத்தில் ஓர் இணைப்பு. கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடி. அதிகபட்ச நீளம் 185 மீட்டர். பெருக்க வரும் அம்மாவின் துடைப்பம் பட்டு ஒரு மூடி கழன்றால் போதும், வரிசையில் உள்ள அத்தனை கம்ப்யூட்டரும் நின்றுவிடும். மூடியில்லாத முனையில் சமிக்ஞை மோதித் திரும்பி, பின்னால் வருவதையெல்லாம் குலைத்துவிடும்.

கிண்டியில் பொறியியல் முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் விற்றுப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் நான் சேர்ந்திருந்தேன். "மேடம், எல்லா நோடும் போச்சு" என்று போன் வரும். என் கைப்பையில் உதிரி டெர்மினேட்டர் ஒன்று எப்போதும் கிடக்கும். போனதும் கேபிளின் நடுப்பகுதிக்குப் போய் அங்கே கழற்றி, அந்த மூடியைப் போடுவேன். சர்வர் இருக்கும் பாதி உயிர் பெற்றால் பழுது மறுபாதியில். பிறகு அந்தப் பாதியின் பாதி. இப்படிப் பாதி பாதியாக நெருக்கிக்கொண்டே போனால், முப்பது மேசைகளில் எந்த மேசைக்கடியில் கோளாறு என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். இணைப்பை இறுக்குவது ஒரு நிமிட வேலை. இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. என் தொழில் வாழ்க்கை முழுக்க நான் செய்தது இந்த ஒன்றைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இதில் எனக்கு ருசி உண்டானது அப்பாவால். அவர் கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம். ஐப்பசி மழையில் சாத்தூர்ப் பக்கம் எங்காவது ஒரு கம்பி மரக்கிளையோடு உரசி எர்த் ஆகிவிடும். உடனே ஆளை அனுப்பமாட்டார். அடுத்த எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, பழுதான கம்பியையும் நல்ல கம்பி ஒன்றையும் அந்த முனையில் சேர்த்துக் கட்டச் சொல்வார். இந்த முனையில் மின்தடைப் பாலத்தை வைத்துச் சமன் செய்வார். முர்ரே லூப் சோதனை என்று அதற்குப் பெயர். முழுச் சுற்றில் பழுது எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பாலம் சொல்லிவிடும். அதை மைலாக்கி, கம்ப எண்ணாக்கி, லைன்மேனிடம் சீட்டு கொடுப்பார். விடுமுறையில் அவரோடு போய் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் சொன்னார்: "லைன்மேன் சைக்கிள்ல போறவம்மா. நாம இடத்தத் தப்பாச் சொன்னா, மழையில அஞ்சு மைல் வீணா மிதிப்பான். அதனால உக்காந்த எடத்துலயே கணக்க முடிச்சிரணும்."

கல்லூரியில் எனக்கு வாய்த்த பெரிய செல்வம் டேனன்பாம் எழுதிய கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் புத்தகம். பிரெண்டிஸ் ஹால் இந்தியா மலிவுப் பதிப்பாக அச்சிட்டு வந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக்காரர்கள் லில்லி பாண்ட் வளாகத்துக்கு மாறியிருந்தார்கள், அங்கேதான் வாங்கினேன். ஏழடுக்கு ஓ.எஸ்.ஐ. மாதிரியை வரிவரியாகப் படித்தோம். உலக நெட்வொர்க்குகள் எல்லாம் அந்த மாதிரிக்குத்தான் வந்து சேரும் என்று அன்று ஆசிரியர்களும் அரசாங்கங்களும் நம்பியிருந்தார்கள். ஆனால் எளிமையாக இருந்த டி.சி.பி./ஐ.பி. யுனிக்ஸோடு ஒட்டிக்கொண்டு எல்லா இடத்துக்கும் பரவியது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைத்த எர்நெட் திட்டம் 1986-இல் தொடங்கியது. அதைச் சுற்றி வேலை பார்த்த நண்பர்கள் மூலமாக எனக்குச் செய்திகளும் நிரல்களும் காந்த நாடாவில் வந்து சேர்ந்தன.

அப்படி வந்தவற்றில் ஒன்று ட்ரேஸ்ரூட். வான் ஜேக்கப்சன் எழுதியது. இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்று ஓர் எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தைத் தூக்கியெறிந்து, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். பொட்டலங்கள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஜேக்கப்சன் முதல் பொட்டலத்தில் 1 என்று எழுதி அனுப்பினார். முதல் ரவுட்டர் பதில் சொன்னது. அடுத்ததில் 2, இரண்டாவது ரவுட்டர் பதில் சொன்னது. இப்படியே போய், பதில் எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு அப்பால் பழுது. அந்த நிரலைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கம்பமேறாமல், சைக்கிள் மிதிக்காமல், கண்டம் தாண்டிய பழுதை உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணிவிடலாம்!

அதற்கு முன்பே, 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலால் வந்த முதல் பெரிய சரிவு. அதைத் துருவிப் பார்த்துத்தான் ஜேக்கப்சன் டி.சி.பி.யின் நெரிசல் கட்டுப்பாட்டை வடிவமைத்தார். 1988-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை மென்பொருள் வடிவமைப்பில் இறங்கும் எவரும் படிக்க வேண்டும் என்பேன். முதலில் அளந்தார், பிறகு யோசித்தார், அதன்பின் மாற்றியது சில வரிகள்தான்.

1991-இல் அமெரிக்கா போனேன். கலிஃபோர்னியாவில் நெட்வொர்க் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை. ரவுட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு "எப்படி இருக்கிறாய்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சின்ன நிரலை எழுதுவது என் பங்கு. ஏஜெண்ட் என்பார்கள். கேள்வி கேட்கும் முறைக்குப் பெயர் எஸ்.என்.எம்.பி. நால்வர் சேர்ந்து வகுத்தது; 1990 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1157 என்ற தரநிலை ஆவணமாக நிலைபெற்றது. கேள், அடுத்ததைக் கேள், மாற்று, பதில், நானாகச் சொல்கிறேன் என ஐந்தே செய்தி வகைகள். ஓ.எஸ்.ஐ. உலகம் இதற்காகவே மிக விரிவான வேறொரு நெறிமுறையைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அது வரும்வரை இது தாங்கினால் போதும் என்றே பலர் எண்ணினார்கள். சின்னக் கருவியிலும் நுழையும் அளவுக்கு எளிமையாக இருந்ததால் எஸ்.என்.எம்.பி. நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டு சான் ஹோசேயில் நடந்த இன்டராப் கண்காட்சிக்கு எங்களை அனுப்பினார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவியைக் கண்காட்சியின் பொது நெட்வொர்க்கில் செருகி ஓட்டிக் காட்டவேண்டும் என்பது அங்கே வழக்கம். பேச்சுக்கு அங்கே இடமில்லை, ஓடினால்தான் உண்டு. ஜான் ராம்கி என்ற பொறியாளர் முந்தைய ஆண்டே ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஒன்றை எஸ்.என்.எம்.பி. வழியாக இயக்கிக் காட்டியிருந்தார். 1991-இல் ரொட்டித் துண்டைத் தூக்கிப் போட ஒரு குட்டி கிரேனும் சேர்ந்துகொண்டது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஒரு பொதுமொழி இருந்தால் எந்தப் பொருளையும் யார் வேண்டுமானாலும் விசாரிக்கலாம் என்பது அந்த நொடியில் எனக்குப் புலப்பட்டது. விசாரிக்கும் பக்கத்து மென்பொருளை எழுதவேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது.

அந்த ஆசையோடு 1996-இல் திரும்பி வந்தேன். மெட்ராஸ் சென்னையாகியிருந்தது. வி.எஸ்.என்.எல். அதற்கு முந்தைய ஆண்டு சுதந்திர தினத்தன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டிருந்தது. பெரும்பாலானோர் கையில் எழுத்து மட்டும் தெரியும் ஷெல் அக்கவுண்ட். நங்கநல்லூரில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்து, கலிஃபோர்னியாவில் என்னோடு வேலை பார்த்த நண்பரும் நானும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினோம். வங்கியில் கடன் கேட்டுப் போனபோது மேலாளர், "ஈடா என்னம்மா வைப்பீங்க? மெஷினரி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எழுதப்படாத மென்பொருளை ஈடாக ஏற்க அவருக்கு விதியில்லை. என் சேமிப்பும் நண்பரின் சேமிப்பும் என் கணவரின் மாதச் சம்பளமும்தான் முதல்.

வயிற்றுப்பாட்டுக்கு, வெளிநாட்டுக் கருவித் தயாரிப்பாளர்களுக்கு ஏஜெண்ட் எழுதிக்கொடுத்தோம். அது நல்ல வேலை, பணமும் வந்தது. ஆனால் 2000-இன் கடைசியில் டெலிகாம் உலகம் சரியத் தொடங்கியது. எங்களிடம் ஆர்டர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்தினார்கள். ஆட்களை அனுப்பிவிடலாமா, அல்லது இத்தனை நாள் தள்ளிப்போட்ட எங்கள் சொந்த மென்பொருளை முழுமூச்சாக எழுதிவிடலாமா என்ற கேள்வி வந்தது. கருவி செய்கிறவர்களை விட்டுவிட்டு, கருவியை வைத்துக்கொண்டு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு விற்பது என்று முடிவெடுத்தோம். ஹெச்.பி.யின் ஓப்பன்வியூ போன்ற பெரிய மென்பொருள்கள் அப்போது இருந்தன. அவற்றை வாங்கும் வசதி நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. டோபியாஸ் ஓட்டிக்கர் 1995-இல் எழுதி இலவசமாகக் கொடுத்த எம்.ஆர்.டி.ஜி. வரைபடங்கள் எல்லா ஊர்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. போக்குவரத்தை அழகாக வரைந்து காட்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்பவேண்டும் என்று அது சொல்லாது.

அந்த இரண்டு மணிக்காரரைப் பார்க்கத்தான் நான் போனேன். கிளைகளை 64 கே லீஸ்டு லைன்களில் இணைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டு அறையில், இரவுப் பணியில் இருக்கும் பையனோடு பல ராத்திரிகள் உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டைக்காரர், பாலிடெக்னிக் படிப்பு. மதுரை லைன் விழுந்தால், மதுரை வழியாகப் போகும் விருதுநகர், நெல்லை என்று அத்தனை கிளைகளின் ரவுட்டரும் ஸ்விட்சும் பிரிண்ட் சர்வரும் திரையில் சிவப்பாகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலறல். அவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இது கத்துற எதையும் நான் கேக்குறதில்ல மேடம். மதுர போச்சுன்னா அதுக்குத் தெக்க இருக்கிற எல்லாம் போயிரும்னு எனக்கே தெரியும். நேரா டெலிகாமுக்குப் போன் போட்டு டாக்கெட் நம்பர் வாங்கிருவேன். மெஷினுக்கு அது தெரியல."

அவர் மண்டைக்குள் இருந்த வரைபடத்தை மென்பொருளுக்குள் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை என்று அன்று எனக்குத் தெளிந்தது. எது எதன் வழியாக எட்டப்படுகிறது என்பதை ரவுட்டர்களின் வழி அட்டவணை, ஏ.ஆர்.பி. அட்டவணை, ஸ்விட்சுகளின் முகவரி அட்டவணை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, மென்பொருளே வரைந்துகொள்ளும்படி செய்தோம். மேலே ஒன்று விழுந்தால் அதன் கீழிருப்பவற்றுக்குத் தனி அலறல் கிடையாது. இரண்டு வழிகள் இருக்கும் கிளைக்கு இரண்டும் விழுந்தால்தான் அலறல். சொல்லும்போது சுலபம், வளையமாகப் பின்னிய நெட்வொர்க்கில் மேல் எது, கீழ் எது என்று தீர்மானிப்பதற்குள் நண்பரும் நானும் குரலுயர்த்திச் சண்டையே போட்டோம்.

நண்பரின் கவலை நியாயமானது. "மதுரை விழுந்திருக்கும்போது நெல்லை ஸ்விட்ச் தானாகவே எரிந்துபோயிருந்தால்? நாம மறைச்சுட்டோம்னு ஆகாதா?" எஸ்.என்.எம்.பி. கேள்வி யு.டி.பி.யில் போகிறது. போனது சேர்ந்ததா என்று யு.டி.பி. சொல்லாது. பதில் வரவில்லையென்றால் கருவி செத்திருக்கலாம், லைன் அறுந்திருக்கலாம், ஒரு பொட்டலம் வழியில் தொலைந்திருக்கலாம். மூன்றும் நமக்கு ஒரே மௌனம்தான். அதுவரை நான் பார்த்த மென்பொருள்கள் அந்த மௌனத்துக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் சாம்பல் நிறத்தைக் கொண்டுவந்தோம். சிவப்பென்றால் விழுந்துவிட்டது, சாம்பல் என்றால் தெரியாது. மேல்வழி திரும்பியதும் சாம்பலில் இருப்பவற்றைத்தான் முதலில் விசாரிக்கும். அப்போதும் பதில் வராதது சிவப்பாகும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மென்பொருளை ஜனங்கள் நம்புகிறார்கள். இது என் உறுதியான அபிப்பிராயம், இன்றுவரை மாறவில்லை.

வாடிக்கையாளரின் மேலதிகாரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பது பெட்டி விழுந்தா நாப்பதும் எனக்குத் தெரியணும்மா, அதுக்குத்தானே காசு குடுக்குறேன்" என்றார். ஒரே சிவப்பு வரி, அதன் பக்கத்தில் பாதிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை, தொட்டால் முழுப் பட்டியல் என்று அமைத்துக் காட்டினோம். அவர் பட்டியலைத் தொட்டாரா என்று தெரியாது. இரவுப் பணிக்காரர் ஸ்பீக்கர் ஒயரைத் திரும்பச் செருகிவிட்டார். எங்கள் நிறுவனம் நிலைத்தது அந்த ஒயரால்தான் என்று நான் சொல்வதுண்டு.

வெளிநாட்டில் எழுதிய மென்பொருள்கள் கவனிக்காத ஒன்று நம் ஊரில் இருந்தது: விசாட் என்ற செயற்கைக்கோள் இணைப்பு. செயற்கைக்கோள் தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்கி வர அரை விநாடிக்கும் மேலாகும். மழை பெய்தால் இன்னும் மோசம். ஒரே கட்டடத்து நெட்வொர்க்கை மனத்தில் வைத்துக் காத்திருப்பு நேரத்தை நிர்ணயித்தால், நன்றாக இருக்கும் கிளைகளைச் செத்ததாக அறிவித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் ஒவ்வொரு கிளையின் வழக்கமான தாமதத்தையும் மென்பொருளே பழகிக்கொள்ளும்படி செய்தோம்.

கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் எங்கள் குழுவில் இருந்தாள், திருச்செங்கோட்டுப் பெண். நெறிமுறை ஆவணங்களை மற்றவர்கள் தேவைப்படும்போது புரட்டுவார்கள்; அவள் பென்சிலோடு வாசிப்பாள். பைட்டுகளை எண்ணும் பழைய கவுண்டர் 32 பிட். 4,29,49,67,295 வரை எண்ணிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பு முழுவேகத்தில் ஓடினால் 57 நிமிடத்தில் ஒரு சுற்று. ஒரு கிகாபிட் என்றால் 34 நொடியில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் இடையில் எத்தனை சுற்று சுற்றியது என்றே தெரியாது. ஆகவே 64 பிட் கவுண்டர் இருக்கும் கருவியில் அதைத்தான் கேட்கவேண்டும். இது பலருக்கும் தெரிந்திருந்தது. அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள். கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற எண்ணும் 32 பிட்தான், நூறில் ஒரு நொடியாக எண்ணுவது. காகிதத்தில் வகுத்துப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, 497 நாள் ஒரு ஸ்விட்ச் நிக்காம ஓடுச்சுன்னா, இந்த நம்பர் பூஜ்யமாயிரும். நம்ம சாஃப்ட்வேர் அது ரீஸ்டார்ட் ஆயிருச்சுன்னு நெனச்சுரும்."

ஒன்றே கால் வருஷத்துக்கும் மேல் ஒழுங்காக உழைத்த கருவியைப் போய், மின்சாரம் போய் விழுந்துவிட்டது என்று சொல்வது எத்தனை அநியாயம்! முந்தைய எண் உச்சவரம்பை நெருங்கியிருந்ததா, இடைப்பட்ட நேரத்தோடு கணக்கு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி அவளே எழுதினாள். பின்னொரு காலத்தில் கோயம்புத்தூர் மில் ஒன்றின் ஸ்விட்ச் அந்த நாளைத் தாண்டிப் போனதைப் பதிவுகளில் பார்த்தோம். அலாரம் இல்லை, போன் இல்லை. எங்கள் இருவருக்கும் அன்று இருந்த பெருமிதத்தை வேறு யாரிடமும் விளக்க முடியவில்லை.

கோயம்புத்தூர் என்றதும் 2015 நினைவுக்கு வருகிறது. டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையில் வானம் பொத்துக்கொண்டபோது நான் கோவையில், வேறொரு வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். அடையாறு கரைபுரண்டது, சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், திரும்பிப் போக வழியில்லை. எங்கள் அலுவலகப் பிள்ளைகள் பத்திரம் என்று ஒவ்வொருவராகத் தகவல் கிடைக்க மறுநாள் ஆயிற்று. அந்த வாடிக்கையாளருக்குச் சென்னை முழுக்கக் கிளைகள். நகரத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. கிளைகள் யு.பி.எஸ்.ஸிலும் ஜெனரேட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தன. முடிச்சூர், வேளச்சேரி, கோட்டூர்புரம் என்று வரைபடத்தில் சிவப்பு பரவியது.

பணி முறைத் தலைவியாக இருந்த பெண் என்னிடம் கேட்டார்: "எது போச்சுன்னு இது நல்லாவே சொல்லுது மேடம். எது இனிமே போகப்போகுதுன்னு சொல்லுமா?"

யு.பி.எஸ்.களைப் பற்றிய தரநிலை ஒன்று 1994-இலேயே வந்திருந்தது, ஆர்.எஃப்.சி. 1628. பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற மதிப்பீட்டை யு.பி.எஸ்.ஸே சொல்லும். எங்கள் மென்பொருள் அந்த எண்ணைச் சேகரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கருவியின் தனிப்பக்கத்திலும் அது தனித்தனியாகக் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து தரவுத்தளத்துக்கு ஓர் எஸ்.க்யூ.எல். வரி எழுதினேன்: எல்லாக் கிளைகளும், மிச்சமிருக்கும் நிமிடங்களின் வரிசையில், குறைவானது மேலே. கால் மணிக்கு ஒருமுறை அதை அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் சென்னையில் டீசல் கேனோடு வண்டியில் இருந்தவர்களை போன் கிடைத்த வழியிலெல்லாம் பிடித்து, அடுத்து எங்கே போகவேண்டும், எந்தத் தெருவில் தண்ணீர் அதிகம், எந்தக் கிளையை விட்டுவிட்டு ஆட்களை வெளியேறச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விடியும்வரை அந்தக் காகிதங்கள் மேசையில் சேர்ந்துகொண்டே இருந்தன. பேனாவால் அடித்தும் திருத்தியும், ஓரத்தில் டிரைவர்களின் பெயர்களை எழுதியும்.

அடுத்த பதிப்பில் அந்தப் பட்டியலை மெனுவிலேயே சேர்த்தோம். அறிக்கைக்கு முறையான பெயர் ஒன்று வைக்கலாம் என்று குழுவில் சொன்னார்கள். கோவையில் அந்தப் பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்த 'டீசல் லிஸ்ட்' என்ற பெயரையே வைக்கச் சொன்னேன்.